சோலோவில் விமானம் துள்ளினால்: செக் ரைடுக்கு (தேர்வுப் பறப்பு) முன் தெரிந்திருக்க வேண்டியவை

சோலோவுக்கு (மாணவர் பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறப்பது) அனுப்பும் முன் சி.எஃப்.ஐ. (தலைமைப் பறப்புப் பயிற்றுநர்) கட்டாயம் கேட்கும் கேள்வி: "தரையிறங்கும்போது துள்ளினால் என்ன செய்வாய்?" "கோ-அரவுண்ட் சார்" (இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலேறுவது) என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி விடைதான். சோலோ விபத்துகளில் முன்சக்கரம் மடங்குவது பெரும்பாலும் முதல் துள்ளலில் அல்ல, அதற்கு அடுத்து கை செய்கிற காரியத்தில்.

செஸ்னா 172எஸ்-ஐ எடுத்துக்கொள்வோம். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடிப்பு) 30 டிகிரியில் அப்ரோச் வேகம், அதாவது இறங்க நெருங்கும் வேகம், 60 முதல் 70 நாட். பயிற்றுநர் இல்லாததால் எடை எழுபது, எண்பது கிலோ குறைவு. டூயலில் (பயிற்றுநரோடு பறக்கும்போது) பழகிய அதே 70 நாட்டில் வந்தால் விமானம் கீழே உட்காராமல் ரன்வே மேலேயே மிதந்து போகும். ரன்வே தீர்கிறதே என்ற பதற்றத்தில் யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடி) முன்னால் தள்ளினால் முன்சக்கரம் முதலில் மோதும். அது ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருப்பதால் மூக்கு மேலே எகிறும். இறக்கைக்கு மறுபடி தூக்குவிசை கிடைத்து விமானம் எழும்பும். மாணவர் திரும்பத் தள்ளுவார். இப்போது மோதல் இன்னும் பலமாக விழும். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் முன்சக்கரத் தாங்கி மடங்கி, புரொப்பெல்லர் தரையில் அடிபட்டு, ஃபயர்வாலும் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவர்) நெளியும். புரொப்பெல்லர் அடிபட்டால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் திரும்பப் பறக்க விடமாட்டார்கள்.

துள்ளலைத் தள்ளி அடக்க முடியாது. சிறிய துள்ளல், முன்னால் ரன்வே நிறைய இருக்கிறது என்றால் தரையிறங்கும் நிலையிலேயே மூக்கைப் பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்து மெதுவாக உட்காரவிடலாம். அதைவிடப் பெரியது என்றாலோ, சந்தேகம் என்றாலோ உடனே கோ-அரவுண்ட்.

அதிலும் ஆபத்து உண்டு. இறங்குவதற்காக டிரிம் (யோக்கில் கை அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி வைக்கப்பட்டிருக்கும்; முழு த்ராட்டில் (எஞ்சின் பவர்) கொடுத்ததும் மூக்கு வேகமாக எழும், விமானம் இடப்பக்கம் இழுக்கும். யோக்கை முன்னால் அழுத்திப் பிடியுங்கள், வலது ரடரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் கால் மிதி) மிதியுங்கள். ரடர் மறந்துபோய் ரன்வேயின் இடது ஓரத்துப் புல்லுக்குள் போகிறவர்கள் உண்டு. ஃபிளாப்பை 20-க்கு மட்டும் ஏற்றி 60 நாட்டில் ஏறுங்கள். தடைகளைத் தாண்டும்வரை 10. பாதுகாப்பான உயரமும் 65 நாட்டும் வந்த பிறகே பூஜ்யம். பதற்றத்தில் ஒரேயடியாக ஃபிளாப்பை எடுத்தால் விமானம் அப்படியே கீழே அமரும். கார்புரேட்டர் உள்ள 152 என்றால் கார்ப் ஹீட்டையும் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று தரும் குமிழ்) உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும். டவரிடம் பேசுவது கடைசி வேலை, அவர்கள் காத்திருப்பார்கள்.

இதை வாயால் ஒப்பித்தால் போதாது. நாற்காலியில் அமர்ந்து கைகளும் கால்களும் அசையும்படி தினமும் ஓட்டிப் பாருங்கள். சோலோவுக்கு முன் துள்ளல் மீட்பையும், தரைக்கு மிக அருகே தொடங்கும் கோ-அரவுண்டையும் காட்டச் சொல்லிப் பயிற்றுநரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை. ரன்வேயின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் படவில்லை என்றால் மேலே போவது என்று தரையிலேயே முடிவெடுத்துவிடுங்கள்.

எல்லாம் மீறி விமானம் மூக்குக் குத்தி நின்றுவிட்டால்: மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) கட்-ஆஃப், எரிபொருள் ஷட்-ஆஃப், மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது) ஆஃப், மாஸ்டர் (முழு மின்சார சுவிட்ச்) ஆஃப். பெல்ட்டைக் கழற்றி, புரொப்பெல்லர் பக்கம் போகாமல் பின்பக்கமாக விலகி நில்லுங்கள். அனுமதி வரும்வரை விமானத்தை யாரும் நகர்த்தக் கூடாது. நினைவு மங்குவதற்குள் வேகம், ஃபிளாப், காற்று, எத்தனையாவது துள்ளல் என்று நடந்ததை மட்டும் எழுதிவையுங்கள். ஊகத்தைச் சேர்க்க வேண்டாம்.