காம்பஸ் பக்கத்தில் வைத்த ஸ்பேனர்

போன வாரம் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மாமாவின் போட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த ஸ்பேனரைச் சும்மா திசை காட்டும் காம்பஸ் பக்கத்தில் வைத்தேன். "மக்களே, அத எடு மொதல்ல!" என்று மாமா போட்ட சத்தத்தில் பாதி டீ கீழே. ஜிபிஎஸ் வந்து எவ்வளவு காலம் ஆகிறது, இன்னும் இதுக்கு என்ன இவ்வளவு மரியாதை என்று கேட்டேன். கரன்ட் போனா அது வெறும் டப்பா, முள்ளுக்கு பேட்டரி வேண்டாம் என்றார்.

ஒரு ஸ்பேனருக்கே முள் திரும்பும் என்றால் கப்பலே இரும்பாக இருந்தால் என்ன ஆகும்? கிட்டத்தட்ட இந்தக் கேள்வியோடுதான் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமி தன் வேலையைத் தொடங்கியது. 1863 மார்ச் 3, உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம், அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸின் கூட்டத்தொடர் முடியப்போகிற கடைசி நாள், அந்த அவசரத்தில் செனட்டர் ஹென்றி வில்சன் கொண்டுவந்த சட்டம் நிறைவேறி அன்றைக்கே லிங்கன் கையெழுத்தும் போட்டுவிட்டார். மூன்றே பிரிவு உள்ள குட்டிச் சட்டம். 50 பேர் உறுப்பினர்கள். அரசாங்கத்தின் எந்தத் துறை கேட்டாலும் ஆராய்ந்து சொல்ல வேண்டும், செலவுக்கு மட்டும் காசு தருவார்கள், சம்பளம் என்று ஒன்றும் கிடையாது.

எனக்குப் பிடித்தது அந்தச் சம்பளம் இல்லாத விஷயம்தான். அது அரசுத் துறையும் இல்லை. சோறு போடுகிறவனிடம் 'நீ நினைப்பது தப்பு' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

முதலில் வந்த கேள்விகளைப் பார்த்தால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. எடை, அளவு, நாணயம் பற்றி ஒரு குழு. உப்புத்தண்ணீர் இரும்புக் கப்பலின் அடியைத் தின்பதை எப்படித் தடுப்பது என்று ஒன்று (இதை எங்கள் ஊரில் எந்த போட் முதலாளியிடம் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவார்). காம்பஸ் முள் தடுமாறுவதற்கு ஒன்று. அடுத்த வருஷம் ராணுவத்துக்கு வாங்குகிற விஸ்கி சுத்தமானதா என்று கண்டுபிடிக்கவும் ஒரு குழு போட்டார்கள், அதில் இடம் பிடிக்கப் போட்டி இருந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

முதல் தலைவர் அலெக்சாண்டர் டல்லஸ் பேச், கடலோர அளவைத் துறையை நடத்தியவர், பெஞ்சமின் பிராங்க்ளினின் கொள்ளுப்பேரன். அவரும் ஒரு சின்ன நண்பர் வட்டமும் சேர்ந்து போட்ட திட்டம் இது. அவருடைய நெருங்கிய நண்பரான இயற்பியலாளர் ஜோசப் ஹென்றிக்கே சட்டம் வந்த பிறகுதான் விஷயம் தெரியுமாம், அவருக்கு இதில் பெரிய விருப்பமும் இல்லை. ஆனால் பேச் 1867ல் இறந்த பிறகு அடுத்த வருஷம் தலைவராகி, இழுத்து மூடாமல் காப்பாற்றியது அந்த ஹென்றிதான். பேருக்கும் பதவிக்கும் ஆள் எடுக்காதே, சொந்தமாக ஆராய்ச்சி செய்தவனை எடு என்று கறாராக நின்றார். 50 பேர் என்ற வரம்பும் 1870ல் போனது.

அப்புறம் கேள்விகள் பெரிதாகிக்கொண்டே போயின. நாட்டின் நில அளவைகளை எப்படி ஒழுங்கு செய்வது என்று காங்கிரஸ் கேட்டதற்கு அவர்கள் சொன்ன யோசனையிலிருந்துதான் 1879ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை வந்தது. முதல் உலகப்போர் சமயத்தில், 1916ல், தேசிய ஆராய்ச்சிக் குழுவை இதன் கீழேயே அமைத்தார்கள். நம் நாட்டிலும் 1935ல் கல்கத்தாவில் இப்படி ஒன்று தொடங்கி, 1970லிருந்து இந்திய தேசிய அறிவியல் அகாடமி என்ற பெயரில் இருக்கிறது. நம் ஊர் டீக்கடையில் அந்தப் பெயர் அடிபட்டு நான் கேட்டதில்லை.

1979ல் வெள்ளை மாளிகை தரப்பிலிருந்து அமெரிக்க அகாடமிக்கு ஒரு கேள்வி போனது. காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் என்ன ஆகும்? பூமி சுமார் 3 டிகிரி செல்சியஸ் சூடாகும், ஒன்றரை டிகிரி கூடலாம் குறையலாம் என்று பதில் வந்தது. சின்ன அறிக்கைதான்.

மாமாவிடம் காம்பஸ் கதையை மட்டும் சொன்னேன். "சம்பளம் வாங்காமலா பார்த்தானுவ? சரி, சொன்னத கேட்டானுவளா?" என்றார். கேட்டார்கள் மாமா, கடற்படைக் கப்பல்களில் முள்ளைச் சரிசெய்தார்கள் என்றேன்.

"அப்போ சரி" என்று ஐஸ் ஏற்றப் போய்விட்டார். 1979 கதையை நான் எடுக்கவில்லை.