பிறந்த குழந்தையின் சிவப்புத் தடிப்பு

கைக்குழந்தை முகத்தில் ஒரு சிவப்புத் தடிப்பு இருந்தால் போதும், கிரகணத்தன்று வெளியே போனாயா என்று அம்மாவைக் குடையாத சொந்தக்காரர் கிடையாது. கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதன் பெயர் ஹெமாஞ்சியோமா, ரத்தக்குழாய்ச் செல்கள் கூடுதலாகப் பெருகுவதால் வரும் கட்டி, புற்றுநோய் அல்ல. பிறந்த சில வாரங்களில் தலைகாட்டி, முதல் 5 மாதம் விறுவிறுவென்று வளர்ந்து (பெற்றோர் தூக்கம் போவது அப்போதுதான்), ஒரு வயதுக்குப் பிறகு மெல்ல வெளுத்துச் சுருங்க ஆரம்பிக்கும். பெரும்பாலானவை 4 வயதுக்குள் வற்றிவிடும், சிலருக்குத் தோல் கொஞ்சம் தளர்ந்தே நிற்கும், அவ்வளவுதான்.

ஆனால் தானா போயிடும் என்று எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது. கண் பக்கம் இருந்தால் பார்வையைக் கெடுக்கலாம், தாடைப் பகுதியில் பரவியிருந்தால் மூச்சுக்குழலிலும் இருக்கலாம், உடம்பில் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் கல்லீரலை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். புண்ணானால் உடனே டாக்டர்தான்.

மருந்து கிடைத்த கதை சுவாரசியம். பிரான்ஸின் போர்தோவில் இதயக் கோளாறுக்காக புரோப்ரனலால் கொடுத்த குழந்தைக்கு மூக்கிலிருந்த கட்டி சுருங்கியது, 2008ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள், இன்று சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்கு முதலில் தருவதே அதைத்தான். பால் குடித்த பிறகுதான் தர வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும்.

சோவியத் தலைவர் கோர்பச்சேவ் தலையில் ஒரு சிவப்புத் தழும்பு மாதிரி இருந்ததே, அது வேறு வகை. அது தானாக மறையாது, லேசர்தான்.