ஒரே அறைக்குள் 12 மணி நேரம்
கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் மழை விடாமல் பெய்த சனிக்கிழமை இரவு, போலீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமாவுடன் அமர்ந்து, ‘ஹோமிசைட்’ என்ற அமெரிக்கப் போலீஸ் தொடரில் 1993ஆம் ஆண்டு ஒளிபரப்பான ‘த்ரீ மென் அண்ட் அடீனா’ பகுதியை மறுபடியும் பார்த்தேன். பால்டிமோர் நகரில் 11 வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், குதிரை வண்டியில் பழம் விற்கும் முதியவரை போலீஸ் துப்பறிவாளர்களான பெம்பிள்டனும் பேலிஸும் 12 மணி நேரம் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். துரத்தலும் இல்லை, துப்பாக்கிச் சூடும் இல்லை. ஏறக்குறைய முழுக் கதையும் ஒரே அறைக்குள்தான் நடக்கிறது. நம் தொலைக்காட்சித் தொடர்கள் என்றால் இதற்குள் நான்கு முறை இடி இடித்திருக்கும்.

முதியவராக நடித்த மோசஸ் கன், முதலில் தளர்ந்து ஒடுங்கி அமர்ந்திருந்துவிட்டு, பிறகு மெல்ல நிமிர்ந்து, கேள்வி கேட்பவர்களின் உள்மனக் காயங்களையே கிளறத் தொடங்கும் இடத்தில், மாமா கையிலிருந்த தே தாரிக் தேநீரை ஆறவிட்டுவிட்டார். அந்தச் சிறுமியை நேசித்ததாக ஒப்புக்கொள்ளும் அவர், கொன்றதாக மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. விசாரணை முடிந்ததும், அவர்தான் கொன்றாரா என்று முன்பு ஐயப்பட்ட பெம்பிள்டன் அவரே குற்றவாளி என்று நம்புகிறார். உறுதியாக இருந்த பேலிஸோ தடுமாறுகிறார். இதை எழுதிய டாம் ஃபொன்டானாவுக்கு எம்மி விருது கிடைத்ததில் வியப்பில்லை.

“அவன்தான்டா செய்தான்” என்றார் மாமா. எனக்கு இன்னும் அப்படித் தோன்றவில்லை.