கல்லடியிலிருந்து மண்முனைக்கு, ஒரு பிஷ் பைண்டரோடு

மட்டக்களப்பு வாவியில், மண்முனைப் பாலம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின இடத்தில் வள்ளம் மணலில் ஏறியது. ஆழம் காட்டுகிற பிஷ் பைண்டரின் திரையில் 0.7 மீற்றர் என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்க, வள்ளம் பக்கவாட்டில் நழுவாமலிருக்கக் கீழே இறக்கி விட்டிருந்த பலகை கறகறவென்று உரசி நின்றுவிட்டது. பிழை கருவியில் இல்லை, என்னில்தான். அது டிரான்ஸ்டியூசர், அதாவது ஒலியை அனுப்பித் திரும்ப வாங்குகிற உணரி, ஒட்டியிருக்கிற இடத்திலிருந்து அளக்கிறது, பலகையோ அதற்கும் கீழே முக்கால் மீற்றர் போகிறது. செட்டிங்கில் 'கீல் ஆப்செட்' என்று ஒன்று இருக்கிறது, அதில் அந்த முக்கால் மீற்றரைக் கழிக்கச் சொல்லியிருந்தால் எப்போதோ பூச்சியம் காட்டிக் கத்தியிருக்கும்.

பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் கேட்டார்: "நான் நிக்கிற தண்ணிக்குள்ள என்னத்தை மனே அளக்கிறாய்?"

சரி, இதை ஏன் வாங்கினேன் என்று சொல்கிறேன். என்னுடையது 14 அடி பைபர் வள்ளம், ஒரேயொரு பாய். ஆழம், வேகம், காற்று மூன்றையும் காட்டுகிற பெரிய படகுக்கான செட் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு, மச்சான் "அதைவிட இன்னொரு வள்ளம் வாங்கலாம்" என்றான். அதனால் மூன்றையும் தனித்தனியாக யோசித்தேன்.

ஆழத்துக்கு மட்டும்தான் காசு செலவழித்தேன். கார்மின் ஸ்ட்ரைக்கர் 4 மாதிரியான சின்ன பிஷ் பைண்டர் போதும், மீன்பிடிக்காரருக்காகச் செய்ததுதான், ஆனால் ஆழத்தையும் ஜிபிஎஸ் வேகத்தையும் ஒரே திரையில் காட்டும். டிரான்ஸ்டியூசரைப் பின்பக்கம் வெளியே பூட்டினால் வாவியில் பாசியும் வலைக்கயிறும் சும்மா விடாது, அதனால் வள்ளத்துக்கு உள்ளே அடித்தளத்தில் எபொக்சியால் ஒட்டினேன். இது வெறும் பைபரில்தான் வேலை செய்யும். பைபர் அடுக்குகளுக்கு நடுவில் மரமோ போமோ வைத்துச் செய்த வள்ளம் என்றால் சத்தம் வெளியே போகாது, பசைக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அதே கதைதான். ஒட்டுவதற்கு முன் பொலித்தீன் பையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் டிரான்ஸ்டியூசரை விட்டு, பையை அந்த இடத்தில் அமர்த்திப் பார்த்தால் இடம் சரியா என்று தெரிந்துவிடும். உள்ளே ஒட்டினால் கொஞ்சம் வலு குறையும், தண்ணீர்ச் சூட்டுக்குப் பதிலாக வள்ளத்தின் சூட்டைக் காட்டும். வாவிக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. 1942இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் போர்க்கப்பலைத் தேடிப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு, அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது.

வேகத்துக்கு முதலில் தண்ணீரில் சுழன்று வேகம் காட்டுகிற பழைய சக்கர மீற்றர் ஒன்று கைமாறி வாங்கி ஏமாந்தேன். வள்ளத்தில் ஓட்டை போட வேண்டும், போட்டாலும் இரண்டு கிழமைக்குள் பாசி பிடித்து நின்றுவிடுகிறது. ஜிபிஎஸ் நிலத்தை வைத்துத்தான் வேகம் சொல்லும், தண்ணீரை வைத்து அல்ல. முகத்துவாரம் வெட்டி நீரோட்டம் இழுக்கிற மாரி காலத்தில்தான் அந்த வித்தியாசம் உறைக்கும். அப்போது ஒரு துண்டுப் பொச்சுமட்டையை முன்னணியத்தில் போட்டு, பின்னணியத்துக்கு வர எத்தனை செக்கன் என்று எண்ணுவேன். என் 14 அடிக்கு 3 செக்கன் என்றால் கிட்டத்தட்ட இரண்டேமுக்கால் நொட் (ஒரு நொட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்).

காற்றுக்கு? பாய்மரத்தைப் பிடித்திருக்கிற கம்பிகளில் கட்டின கம்பளி நூல். பாய்மர உச்சியில் பூட்டுகிற கருவிதான் எல்லாவற்றிலும் விலை கூட, கல்லடிப் பாலத்தடியால் போக ஒவ்வொரு தடவையும் மரத்தைச் சரிக்கிற எனக்கு அது எத்தனை நாள் உடையாமல் இருக்கும்? கையில் பிடிக்கிற காற்றுமானி ஒன்றும் இருக்கிறது, ஆனால் 10 நொட் காற்றை முதுகில் வாங்கி 4 நொட்டில் ஓடும்போது அது 6 என்றுதான் சொல்லும், அதை நம்பிப் பாயை முழுக்க விரித்து வைத்துவிட்டுத் திரும்பினால் தெரியும் சேதி. ஆடி மாதக் கச்சான் காற்றுக்கு எந்தக் கருவியும் வேண்டாம், மேற்கே படுவான்கரைப் பக்கம் தண்ணீர் கறுத்துச் சுருங்கிக்கொண்டு வரும், அது வந்து சேருமுன் பாயைத் தளர்த்திவிட வேண்டும்.

அன்று பலகையை ஏற்றி, ஐயா ஒரு தள்ளுத் தள்ளிவிட, பாலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்டல் நிழலில் வள்ளத்தைக் கட்டி, தையல் டேப்பால் அளந்தேன்: 74 சென்றிமீற்றர். அதை ஆப்செட்டில் போட்டேன்.

திரும்பி வரும்போதும் ஐயா அங்கேயே நின்றார். திரையில் ஓடின மீன் படங்களைக் காட்டினேன். அவர் பறியைத் தூக்கிக் காட்டினார். ஒரு கிலோ மணலை மீன் வாங்கினோம்.