பான் ஜாவ் கேள்விக்குப் படித்த விதம்

எம்.ஏ. வரலாற்றில் சீனத் தாளுக்குப் படித்தபோது பான் ஜாவ் எளிதான பாடமாகத்தான் தெரிந்தார். ‘சீனாவின் முதல் பெண் வரலாற்றாசிரியர்’ என்று தொடங்கி இரண்டு பக்கம் புகழ்ந்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் மதிப்பெண் அங்கே இல்லை.

முதலில் குடும்பத்தைப் பிடியுங்கள். அப்பா பான் பியாவ். அண்ணன்கள் பான் கு, பான் சாவ். தங்கைதான் ஜாவ். சாவ், ஜாவ் இரண்டையும் அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டால் மேற்கு எல்லையில் முப்பது ஆண்டு போராடிய தளபதி அறிஞராகிவிடுவார்! ஹான் வம்ச வரலாற்றை அப்பா தொடங்கினார், கு தொடர்ந்தார். அவர் கி.பி. 92இல் சிறையில் இறந்ததும், மீதியை முடிக்கும்படி பேரரசர் ஹெ, தங்கை ஜாவிடம் ஒப்படைத்தார். எட்டு அட்டவணைகள் ஜாவின் பங்கு. வானியல் பகுதியை நிறைவு செய்தவர் மா சூ என்ற அறிஞர். நூல் முழுவதும் ஜாவே எழுதியது என்று எழுதினால் திருத்துபவர் அங்கேயே சிவப்பு மையில் சுழிப்பார்.

அரண்மனை நூலகத்தில் அறிஞர் மா ரோங் இவரிடம் பாடம் கேட்டது, பேரரசி தெங்குக்கு இவர் ஆசிரியையாக இருந்தது, இவற்றுக்கு இரண்டு வரி போதும்.

நேரத்தை ஜாவ் எழுதிய ‘பெண்களுக்கான படிப்பினைகள்’ நூலுக்கு ஒதுக்குங்கள். ஏழே அத்தியாயம், சின்ன நூல். முழுதாகவே படித்துவிடலாம். அடக்கம், கணவனுக்குப் பணிவு என்று போகும். படிக்கும்போது எரிச்சல் வரும். அதே நூலில்தான், ஆண்பிள்ளைக்கு எட்டு வயதில் பாடம் தொடங்குகிறார்களே, பெண்பிள்ளைக்கு ஏன் கூடாது என்றும் கேட்கிறார். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு வருவதுதான் வழக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.

அப்புறம், அந்தக் காலத்திலேயே எதிர்ப்பு இருந்ததையும் விடாதீர்கள். மா ரோங் தன் மனைவியையும் மகள்களையும் இந்நூலைப் படிக்கச் சொன்னார். ஜாவின் நாத்தனார் ஃபெங்ஷெங்கோ மறுத்து எழுதினார். கடைசி அத்தியாயம் கொழுந்தன், நாத்தனாரோடு அனுசரித்துப்போவது பற்றியது என்பதை நினைத்தால் சிரிப்புதான் வரும். அந்த மறுப்பு இன்று கிடைப்பதில்லை.

சிறுகுறிப்பாகக் கேட்டால் ஜாவின் மனுவையும் சேருங்கள். வயதான அண்ணன் சாவைத் திரும்ப அழைக்கக் கோரிப் பேரரசருக்கு எழுதினார். 102இல் சாவ் தலைநகர் லுவோயாங் திரும்பினார். அரசவையில் ஜாவின் சொல் எடுபட்டதற்கு இதைவிடக் கச்சிதமான சான்று வேண்டாம்.