சிலிகான் கன் பிடிக்கக் கத்துக்கோங்க தம்பிகளா

அலுமினிய ஜன்னல் வேலைக்கு வர்ற பசங்க எல்லாரும் டிரில்லைத்தான் முதல்ல கேக்கறாங்க. நான் சிலிகான் கன்னைத்தான் கொடுப்பேன், அதாவது சந்தை அடைக்கிற சிலிகான் பசையை டியூப்லேர்ந்து பிதுக்கித் தள்ற கருவி. ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற சந்து சரியா அடைபடலேன்னா ஐப்பசி மழை நேரா வீட்டுக்குள்ள வந்துடும்.

டியூப் முனையில இருக்கிற நாசிலை, அதான் பசை வெளிய வர்ற மூக்கை, 45 டிகிரி சாய்வா வெட்டணும். சந்துல தூசியோ ஈரமோ இருக்கவே கூடாது. டிரிகரை விட்டு விட்டு அழுத்தாம ஒரே சீரா இழுத்துட்டுப் போகணும். நிறுத்தினதும் கன்னுக்குப் பின்னாடி இருக்கிற தகட்டைக் கட்டைவிரலால அமுக்கிக் கம்பியைப் பின்னால இழுத்துடுங்க. இல்லேன்னா உள்ள இருக்கிற அழுத்தத்துல சிலிகான் பாட்டுக்கு ஒழுகிட்டே இருக்கும்.

டியூப்ல என்ன வகைன்னு படிச்சுப் பாருங்க, இது ரொம்ப முக்கியம். வினிகர் நெடி அடிக்கிற அசிட்டிக் வகை ஜன்னல் கண்ணாடியில நல்லாப் பிடிக்கும். ஆனா மார்பிளையும் முகம் பார்க்கிற கண்ணாடியோட பின்பூச்சையும் அந்த அமிலம் அரிச்சிடும். அங்கெல்லாம் அந்த அமிலம் விடாத நியூட்ரல் வகைதான். விலை கூடத்தான், இருந்தாலும் அதையே வாங்குங்க.

சிலிகான் காத்துல இருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், அதுவும் வெளியிலிருந்து உள்ள, ஒரு நாளைக்குச் சுமார் 2 மி.மீ. மேல்தோல் காஞ்சதுமே தண்ணி ஊத்திப் பார்க்காதீங்க.