பச்சை லேசரும் என் கருத்த கையும்

"ஊசி போடுவீர்களா?" தன்னார்வலராக வருகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் வேலை பார்க்கும் ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தில் தோலுக்கடியிலுள்ள இரத்தக் குழாய்களை ஒளியும் ஒலியும் கொண்டு படமெடுக்கிறோம் (ஆங்கிலத்தில் photoacoustic imaging); ஊசியும் இல்லை, சாயமும் இல்லை. முன்னங்கையில் ஜெல் தடவி, சில நானோ நொடிகளே நீடிக்கும் லேசர் துடிப்புகளைத் தோலுக்குள் செலுத்துகிறோம். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அந்த ஒளியை உறிஞ்சி லேசாகச் சூடாகும். ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறினாலே போதும், அழுத்தம் சுமார் 800 பாஸ்கல் எகிறி, காதுக்குக் கேட்காத ஒலியாகக் கிளம்பிவிடும். திசுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் போகிறது. அது வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து, இரத்தக் குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகிறோம். ஒளி தோலுக்குள் சீக்கிரமே சிதறிவிடும், ஒலி அவ்வளவு சிதறாது. முறையின் சூட்சுமமே இதுதான். ஒளி பட்டால் பொருள் ஒலிக்கும் என்பதை கிரஹாம் பெல் 1880-இலேயே, லேசர் இல்லாத காலத்தில், கண்டுவிட்டார்.

ஜெல்லில் காற்றுக் குமிழ் இருந்தால் படம் கெடும், மூச்சு வாங்கினால் கை அசையும். இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லை. எனக்கு உறுத்துவது வேறு.

532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் உறிஞ்சும். அதுவோ மேல்தோலில், குழாய்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. வெளுத்த கையின் படத்தில் மேல்தோல் மெல்லிய கோடு, அடியில் குழாய்கள் கொடிகொடியாகத் தெரியும். என் கையை வைத்தால் மேல்தோலே தடித்த பட்டையாக ஒளிர்கிறது, கீழே எல்லாம் மங்கல். (கறுப்பு மையில் பச்சை குத்தியவர் வந்தால் இன்னும் மோசம்.) சரி, ஒளியைக் கூட்டலாமே என்றால், தோலுக்குப் பச்சை ஒளியின் பாதுகாப்பு வரம்பு துடிப்புக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிஜூல்தான். அதிலும் கருத்த தோல்தான் கூடுதலாகச் சூடாகும். கண்ணுக்குத் தெரியாத 1,064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்குப் போனால் மெலனின் தொல்லை குறையும், ஆனால் இரத்தத்தின் குரலும் தணிந்துவிடும்.

படம் மங்கினால் கண்ணுக்காவது தெரியும். இதே முறையில் நாங்கள் கணிக்கும் இரத்த ஆக்சிஜன் அளவு பிசகினால் தெரியாது. இரண்டு அலைநீளங்களை ஒப்பிட்டுத்தான் அதைச் சொல்கிறோம், மெலனினோ இரண்டையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் இதன் விளைவைப் பார்த்தாயிற்று: 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு.

எங்கள் பழைய ஸ்கேன்களில் பெரும்பாலானவை வெளுத்த கைகளே. இப்போது ஸ்கேனுக்கு முன் தோல் நிறத்தையும் கருவியால் அளந்து குறிக்கிறோம். கூடுதல் வேலை என்று சிலர் முனகுகிறார்கள், முனகட்டும். அந்த எண் இல்லாத ஆக்சிஜன் படத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.